அவள் குதித்த இடம்

மேட்டுக்காடு, வெண்ணந்தூர் வழி
ஐப்பசி 3

சாமி மைதிலிக்கு அப்பாரு சென்னியப்பன் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா வசந்தாமணியும் எருமையும் கன்றும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல வசந்தாமணி எழுதுகிறாள். உங்கப்பன் பொன்னன் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போர்க்கிணறு போட்டுக்கொண்டிருக்கிறான். தீபாவளிக்கும் வர மாட்டானாம்.

பஸ்ஸிலெல்லாம் வேட்டி கட்டின குதிரைப் படம் ஒட்டி மெட்ராஸ் பக்கம் செஸ் ஆட்டம் நடத்தினார்களே, அந்த ஆடி. மேட்டூர் அணை நிரம்பிக் காவிரி கரை தொட்டு ஓடிய ஆடி. மோகனூர்ப் படித்துறை தண்ணிக்குள் கிடந்தது. பேப்பர் படிக்காதவன் வருஷத்தை இப்படித்தான் நினைப்பில் வைக்க முடியும். அந்த ஆடியில்தான் ராசிபுரம் ரோட்டில் டிப்பர் லாரி உன் வண்டி மேல் ஏறியது. சேலத்து ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அங்கிருந்து நீ ஊட்டுக்கு வராமலே உன் சின்னம்மா வீட்டுக்குப் போனாய். அங்கிருந்து கால் மாட்டிப் பழகுகிற இடத்துக்கு மெட்ராஸ் போய்விட்டாய். போன் போட்டால் எடுப்பதில்லை. சரி, எடுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள். ஆஸ்பத்திரியில் அந்தக் காலைத் துணியில் சுற்றி எங்கள் கையில் கொடுத்தார்கள். குப்பையோடு குப்பையாகப் போட நான் விடவில்லை. மடியில் வைத்துத்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன். முறைப்படி மண்ணில் சேர்த்து, மூன்றாம் நாள் பாலும் தெளித்தாயிற்று. அதைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. மழைக்காலம், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு.

அப்பாரு

●

சென்னை
2.11.2022

அன்புள்ள அப்பாருக்கு மைதிலி எழுதுவது. நலம். அம்மாவிடமும் சொல்லுங்கள்.

போன் எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் எல்லோரும் முதலில் அழுகிறார்கள். அப்புறம் நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தில் அழுதால் சத்தம் கேட்காது.

இங்கே அஜீஸுன்னிசா அக்கா என்று ஒருவர் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். சேலம் கோட்டைக்காரர். அவருக்கும் ஒரு கால் கிடையாது. புதுக்காலை மாட்டி நடக்க வைக்கிறார். அது தேவலை. சாயங்காலம் ஆனால் அதைக் கழற்றச் சொல்லி, தரையில் உட்கார வைத்து, இடுப்பு உயரத்துக்கு நெட் கட்டி, வாலிபால் ஆடச் சொல்கிறார். உட்கார்ந்தே ஆடுவதாம். பந்தை அடிக்கும்போது உடம்பு தரையை விட்டு எழும்பினால் ஃபவுல். நான் பந்தைச் சுவரில் விட்டெறிந்துவிட்டு வந்துவிட்டேன். குதித்து அடித்தவள் அப்பாரு நான். பிச்சை எடுக்கிறவள் மாதிரி தரையில் தேய்ந்துகொண்டு போக என்னால் ஆகாது. இனி வாலிபாலே வேண்டாம்.

இல்லாத காலில் விரல் அரிக்கிறது. டாக்டரிடம் கேட்டால் மூளை இன்னும் மறக்கவில்லை என்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து ஒன்று மட்டும் தெரிய வேண்டும் என்றிருக்கிறது. அதை எங்கே வைத்தீர்கள்?

கண் ஆபரேஷன் செய்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைதிலி

●

மேட்டுக்காடு
ஐப்பசி 25

சாமி மைதிலிக்கு அப்பாரு. உன் கடுதாசி வந்தது. வசந்தாமணி ஒருக்காவுக்கு மூணு தரம் படித்துக் காட்டினாள். கண் இப்போது தெளிவு. எருமை தூரத்தில் வந்தாலே யாருடையது என்று சொல்லிவிடுகிறேன்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். முதலில் உன் அப்பத்தா பக்கத்தில்தான் குழி எடுக்கச் சொன்னேன். வெட்டுகிறவன் மண்வெட்டியை ஓங்கினபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. படுத்துக் கிடக்கிறவர்களோடு கொண்டுபோய்ச் சேர்க்க அது என்ன நோவில் கிடந்து செத்த காலா? முந்தின நாள் வரைக்கும் ஓடின கால். அதனால் மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனேன். நம் வாலிபால் கோர்ட்டில், நெட்டுக்கு இந்தப் பக்கம், நீ எழும்பி அடிக்கிற மூலை இருக்கிறதல்லவா, அங்கே வைத்தேன். அடையாளத்துக்குத் தலைமாட்டில் ஒரு கல் நட்டேன்.

அந்த நிலம் எப்படிக் கோர்ட் ஆனது என்று உனக்குச் சொன்னதில்லை. சேலம் இரும்பாலைக்கு ஆள் எடுத்த வருஷம் நம் கிணறு வறண்டது. மேட்டுக்குத் தண்ணி ஏறாது என்று உழவை விட்டேன். இளவட்டங்கள் வந்து, "சும்மா கெடக்கற காடுதானுங்களே, ரெண்டு கம்பு நட்டுக்கறோம்" என்றார்கள். அன்றிலிருந்து அங்கே விளைந்தது நீ ஒருத்திதான்.

இங்கே மழை ஓயவில்லை. நீ கோபித்துக்கொண்டால் அதையும் எழுதிவிடு, மனசில் வைக்காதே.

அப்பாரு

●

சென்னை
26.11.2022

அன்புள்ள அப்பாருக்கு. நலம், நலமறிய ஆவல்.

பதில் போட நாளாகிவிட்டது. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கட்டிலிலேயே கிடந்தேன். அஜீஸுன்னிசா அக்கா பிடுங்கிப் படித்தார். படித்துவிட்டு, "உங்க தாத்தா ஆளைக் கேக்காமயே டீம்ல சேத்துட்டாரு பாத்தியா! ஒரு காலு கோர்ட்லயே நிக்குது. நீ என்னடான்னா கட்டில்ல படுத்துக்கிட்டு ரிட்டயர் ஆயிட்டேங்கறே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். பிறகு நிறைய அழுதேன். அதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

மறுநாள் தரையில் உட்கார்ந்தேன். கையால் ஊன்றி நகர்ந்து, அதே கையைத் தூக்கிப் பந்தை அடிக்க வேண்டும். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. என் ஷாட் எல்லாம் நெட்டில்தான் விழுகிறது. ஆனாலும் தினமும் போகிறேன். கோர்ட்டை விட்டு நான் முழுசாக வெளியே வரவில்லை என்று நினைத்துக்கொண்டால் போக முடிகிறது.

கோர்ட்டில் இப்போது யார் யார் ஆடுகிறார்கள்? என் இடத்தில் யார் நிற்கிறார்கள்? கேப்டன் கௌதமன் இன்னும் தப்பு செய்கிறவனைத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி திட்டுகிறானா? எல்லாம் எழுதுங்கள். அங்கே பந்து சத்தம் கேட்கிறது என்று தெரிந்தால் போதும்.

அம்மாவை இருமலுக்கு மாத்திரை வாங்கச் சொல்லுங்கள்.

மைதிலி

●

மேட்டுக்காடு
கார்த்திகை 20

சாமி மைதிலிக்கு. நாங்கள் சுகம். வசந்தாமணிக்கு இருமல் நின்றது.

இன்று தீபம். வாசலில் விளக்கு வைத்தோம். காற்றுக்கு நிற்கவில்லை. மேச்சேரி ஆட்டில் ஒன்று இரட்டைக் குட்டி போட்டது. இரண்டும் கிடா. குச்சிக்கிழங்கு இந்த வருஷம் தேவலை, ஜவ்வரிசி மில்லுக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போனான். உங்கப்பன் போன் செய்தான். பாறையில் துளை போடுகிற ராடு மாட்டிக்கொண்டதாம்.

நீ உட்கார்ந்து ஆடுகிறாய் என்று கேட்டதிலிருந்து ஒரு வாய் கூடச் சாப்பிடுகிறேன். கையில் தோல் உரிந்தால் தேங்காய் எண்ணெய் போடு.

வேறொன்றும் விசேஷமில்லை.

அப்பாரு

●

சென்னை
14.12.2022

அன்புள்ள அப்பாருக்கு. புயலில் இங்கே மரங்கள் விழுந்தன. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம்.

கோர்ட்டைப் பற்றிக் கேட்டேன். ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அம்மா எழுத மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு முக்கியமான விஷயம். பிப்ரவரியில் மாநில அணிக்குச் செலக்‌ஷன் நடக்கிறது. அக்கா என் பெயரைக் கொடுக்கலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் காலைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் கையூன்றி நகர்ந்து ஆட வேண்டும். அதற்கு முன் ஒரு தரம், ஒரே ஒரு தரம், நம் ஆட்கள் முன்னால் ஆடிப் பார்க்கிறேன் என்றேன். பொங்கலுக்கு நம் கோர்ட்டில் டோர்னமெண்ட் நடக்குமே, அதன் நடுவில் எங்களுக்கு ஓர் ஆட்டம் கொடுங்கள். அக்காவும் இங்கிருந்து நாலு பெண்களும் வருகிறார்கள். நெட்டை இறக்கிக் கட்டினால் போதும்.

அங்கே ஆட முடிந்தால் செலக்‌ஷனுக்குப் போவேன். அங்கேயே முடியாவிட்டால் வேறெங்கும் முடியாது. கௌதமனிடம் சொல்லிவையுங்கள்.

மைதிலி

●

ராசிபுரம்
மார்கழி 8

சாமி மைதிலிக்கு அப்பாரு சொல்லி எழுதுவது. கையெழுத்து வேறாக இருக்கும். ராசிபுரத்துக்கு வந்தேன், வந்த இடத்தில் நம் துண்டுக் கடை பரக்கத் அலி பாயை எழுதச் சொன்னேன். உன் அம்மாவுக்கு வேலை அதிகம்.

சாமி, பொங்கலுக்கு வர வேண்டாம். மழையில் நிலம் ஊறிக் கிடக்கிறது. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். காலுக்குச் சிரமம். டோர்னமெண்டும் இந்த வருஷம் நடக்குமோ நடக்காதோ. பையன்களுக்கெல்லாம் பரீட்சை. நீ அங்கேயே நன்றாகப் பழகு, சித்திரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். நான் நல்ல சுகம்.

அப்பாரு

(எழுதியவன் பரக்கத் அலி. அம்மா, பெரியவர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதிவிட்டேன். தை மாசத்தில் என்ன பரீட்சை என்று கேட்டேன். "நீ எழுதுய்யா" என்றார். உங்களுக்காக அல்லாவிடம் துஆ செய்கிறேன்.)

●

மேட்டுக்காடு
27.12.2022

மைதிலிக்கு அம்மா எழுதுவது. இது நானாக எழுதுகிறேன், உங்கப்பாருக்குத் தெரியாது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் மாமா எழுந்து மேட்டு நிலம் வரைக்கும் போய்விட்டு வந்தார். அப்புறம் நிலம் ஊறிக் கிடக்கிறது என்று எழுதச் சொன்னார். "பொய்யை என் கையால எழுத மாட்டனுங்க மாமா" என்றேன். அதனால்தான் ராசிபுரம் போனார்.

கோர்ட்டில் யாரும் ஆடுவதில்லை கண்ணு. ஆடியிலேயே நின்றுவிட்டது. மாமா காலைக் கொண்டுபோய் அங்கே வைத்தாரே, மூன்றாம் நாள் பையன்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து பால் தெளித்தார்கள். அதோடு சரி. அடக்கம் பண்ணின மண்ணை மிதிக்கக் கூடாது, அது மேல் குதித்து ஆடினால் உனக்கு ஆகாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். கௌதமன் வந்து, "அப்பாரு, எங்க போயிப் பொதைக்கோணும்னு எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது ரைஸ்மில் பக்கம் புதுக் கோர்ட் போட்டிருக்கிறார்கள். பொங்கல் ஆட்டமும் அங்கேதான்.

நம் கோர்ட்டில் கம்பு மட்டும் நிற்கிறது. தரையெல்லாம் நெருஞ்சி. மாமா தினமும் போய்ப் பிடுங்குகிறார். உனக்குப் பிரியமான இடத்தில் வைத்தேன் என்றுதான் அவர் நினைத்தார். வைத்ததாலேயே அந்த இடம் போயிற்று. அதை அவர் வாயால் உன்னிடம் சொல்ல முடியவில்லை. திட்டி எழுதிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

●

மேட்டுக்காடு
தை 4

பொன்னனுக்கு உங்கப்பன் சொல்லி, பொங்கல் பார்க்க வந்த பரக்கத் அலி பாய் எழுதுவது. பொங்கல் முடிந்தது. நீயில்லாத குறைதான், மற்றபடி எல்லோரும் சுகம். வடக்கே குளிருமாமே, கம்பளி போர்த்திக்கொள். உன் மகள் வந்துபோனதை நீ போனில் கேட்டாய். போனில் எனக்குப் பேச வராது.

கடுதாசி எதுவும் போடாமலே வந்துவிட்டாள். மாட்டுப் பொங்கலன்று வேன் வந்து நின்றது. அஜீஸுன்னிசா என்கிற அந்த அம்மாளும் நாலு பெண்களும் இறங்கினார்கள். மைதிலி ஊட்டுக்குள் வரவில்லை. புதுக்காலோடு நேராக மேட்டு நிலத்துக்கு நடந்தாள். நெருஞ்சியை நான் சுத்தமாகப் பிடுங்கியிருந்தேன், அதுவரைக்கும் நல்லது.

கல்லின் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து காலைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பெண்கள் நெட்டை இறக்கிக் கட்டினார்கள். அதற்குள் ஆள் கூடிவிட்டது. ரைஸ்மில் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கௌதமனும் பையன்களும் வந்து வரப்பில் நின்றார்கள். ஒருவனும் இறங்கவில்லை.

"ஏன்டா, அக்கட்டயே நிக்கறீங்க? எதிர்ல ஆடறதுக்கு ஆள் வேணும். வாங்கடா" என்றாள்.

கௌதமன் தலையைக் குனிந்துகொண்டு, "கோவிச்சுக்காதே மைதிலி. அடக்கம் பண்ணுன மண்ணு. மிதிச்சு ஆடறதுக்கு எங்களுக்கு மனசு வரலை" என்றான்.

"மிதிக்கச் சொன்னது யாரு? மூணாம் நாள் பால் தெளிக்கறப்ப எங்க உக்காந்தீங்க?"

"இங்கதான்."

"உக்காந்தா தப்பில்லைல்ல?"

"உக்காரலாம்… உக்கார்றது முறைதான்."

"அப்ப வந்து உக்காரு. எங்க ஆட்டத்துல எந்திரிச்சாத்தான் தப்பு."

கூட்டம் சிரித்துவிட்டது. அந்த அஜீஸுன்னிசா அம்மாள், "வாங்க தம்பிங்களா, உக்கார்றதுக்கு வாடகையா கேக்கறேன்? லுங்கியை மட்டும் இறுக்கிக் கட்டிக்கோங்க" என்றார். ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டு கௌதமனும் இன்னும் நாலு பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். கோவிலுக்குள் போகிற மாதிரி வந்து உட்கார்ந்தார்கள்.

பொன்னா, நான் அந்த மேட்டில் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். இதை மாதிரி பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய பையன்கள் பந்து வந்தால் எழுந்துவிடுகிறார்கள், எழுந்தால் ஃபவுல். "உக்காருடா, உக்காருடா" என்று ஊரே கத்துகிறது. நம் பிள்ளை கையை ஊன்றி ஓணான் மாதிரி விசுக்கென்று நகர்ந்து அடிக்கிறாள். இரண்டு அடி கௌதமன் மார்பிலேயே விழுந்தது. "இப்ப யாரைடா திட்டுவே?" என்று கேட்டாள்.

பாதியில் கௌதமனுக்கு ஏதோ வேலை வந்து எழுந்து போய்விட்டான். ஆட்டம் அத்தோடு நின்றது. ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நன்றாகத்தான் இருக்கிறாள். நீ கவலைப்படாதே.

உங்கப்பன்

●

சென்னை
20.1.2023

அன்புள்ள அப்பாருக்கு. சேர்ந்துவிட்டேன். அம்மா கொடுத்த கிழங்கை எல்லோரும் சாப்பிட்டோம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அங்கே வந்து, ஒரு முள் இல்லாமல் கிடந்த தரையைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. அதனால்தான் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை என்கிற மாதிரி வழியனுப்பினீர்கள். பார்த்தீர்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கல்லுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். கும்பிட்டுவிட்டு, திருநீற்றை எடுத்துக் கல்லுக்கு வைத்தார். நான் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன் அப்பாரு. வியர்த்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்து, "நல்லபடியா இருந்த புள்ளை" என்றார். அதைக் கேட்டுத்தான் கௌதமன் எழுந்து போனான்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. சின்ன வயதில் எனக்கு எத்தனையோ தரம் சோறு போட்டவர். அதுதான் தாங்கவில்லை. நான் எங்கே போய் என்ன ஆடினாலும் ஊரில் நான் அந்தக் கல்தான். செலக்‌ஷனுக்குப் பெயர் கொடுக்க இந்த மாதக் கடைசிதான் கெடு. அக்கா தினமும் கேட்கிறார். நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிப்போடுகிறேன். பாதிச் செத்தவளை யார் டீமில் எடுப்பார்கள்?

உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதுங்கள். ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதாதீர்கள்.

மைதிலி

●

மேட்டுக்காடு
தை 9

சாமி மைதிலிக்கு அப்பாரு. நானும் உன் அம்மாவும் சுகம். நீ நன்றாகச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு வேறு இருக்கிறது.

நீ எழுதியது வருவதற்கு முன்பே ஒரு காரியம் நடந்துவிட்டது. முந்தாநாள் தை அமாவாசை. நம் காட்டில் அடங்கினவர்களுக்கெல்லாம் அன்றைக்கு அவரவர் இடத்தில் ஓர் அகல் வைத்து, இலை போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நம் வழக்கம். சாயங்காலம் நானும் வசந்தாமணியும் போனோம். பக்கத்துத் தோட்டத்து அம்மாவும் பூ கொண்டுவந்தது. அது மேட்டு நிலத்தைக் காட்டி, "அண்ணா, புள்ளைக்கு ஒரு அகல் வெக்கோணுமுங்க. மொத வருசம், விட்டுறக் கூடாது" என்றது.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அந்த அம்மா, "ஐயோ, என்னங்க பண்றீங்க" என்று கத்திக்கொண்டே வந்தது. நட்ட கல்லைப் பிடுங்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். பிடுங்கினேன். இந்த வயசுக்கு வரப்பு வரைக்கும்தான் உருட்ட முடிந்தது. அங்கேயே கிடக்கிறது. காலை எடுக்கவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். ஊரில் பேசுகிறார்கள். கௌதமனைக் கூப்பிட்டு, இனி இங்கேயே வந்து ஆடுங்கள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான், இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். கல்லைத்தான் என்னால் எடுக்க முடிந்தது. அவர்கள் மனசில் இருப்பதை எடுக்க எனக்குத் தெம்பில்லை. செலக்‌ஷனுக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். ஊர் சொல்கிற கணக்கைப் பார்த்து முடிவு செய்யாதே. இந்த மண்ணின் கணக்கு எனக்குத்தான் தெரியும்.

அகல் வைத்தவர்களைச் சொல்கிறேன், கேள். எங்கப்பன் செங்கோடன், ஊருக்குள் முதல் கரண்டுக் கம்பம் நட்ட வருஷம் போனார். எங்காத்தா பாவாயி, அம்மை நோய்க்குக் கடைசியாக ஊசி போட வந்த வருஷம். என் அண்ணன் காளியண்ணன், இரும்பாலையில் வேலை கிடைத்த கடுதாசி வந்தபோது அவன் இல்லை. உன் அப்பத்தா கண்ணாத்தாள், ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்ன ஐப்பசியில். நாலு பேர், நாலு அகல். வசந்தாமணி கையில் ஐந்தாவதாக ஓர் அகல் இருந்தது. எண்ணெய் ஊற்றித் திரியும் போட்டிருந்தாள். "வேண்டாம், அதைக் கொண்டுபோய் ஊட்டில் வை" என்றேன். இந்தக் காட்டு மண்ணில் கிடப்பவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான். மைதிலி.